பட்டியலில் இல்லாத முதலமைச்சர்

அன்புள்ள மருமகனுக்கு,

தொகுதிவாரியாக எம்.எல்.ஏ.க்களின் பட்டியல் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்களாமே, அக்கா போனில் சொன்னாள். பெயர்களை எழுதியதும் நோட்டை மூடிவிடாதே. முசரவாக்கத்துக்காரன் நீ, காஞ்சிபுரத்தின் 1957 வரியைப் பார். சி. என். அண்ணாதுரை என்ற பெயருக்கு நேரே ‘சுயேச்சை’ என்றிருக்கும்.

தி.மு.க.வுக்கு அப்போது தேர்தல் ஆணையத்தின் அங்கீகாரம் கிடையாது, 1958-இல்தான் கிடைத்தது. அந்தக் கட்சியில் வென்றவர்கள் 15 பேர். அண்ணாவோடு குளித்தலை கருணாநிதி, எழும்பூர் அன்பழகன், பெரம்பூர் சத்தியவாணி முத்து எல்லாரும் அதில் அடக்கம். சபையில் மொத்தம் 205 பேர், காங்கிரசுக்கு மட்டும் 151. தொகுதிகளை எண்ணினால் 167தான் வரும், குழம்பாதே. 38 தொகுதிகளுக்கு அப்போது இரண்டிரண்டு உறுப்பினர்கள்.

15 பேரால் ஒரு மசோதாவையும் தடுத்து நிறுத்த முடியாது. ஆனால் கேள்வி கேட்கலாம். கேட்டால் அமைச்சர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும், அது அவைக்குறிப்பில் ஏறும். நங்கவரம் விவசாயிகளின் பிரச்சினையைத்தான் கருணாநிதி தம் கன்னிப்பேச்சில் எடுத்தார். வெட்டுத் தீர்மானம் என்று ஒன்று உண்டு. மானியக் கோரிக்கையில் நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்வார்கள். நூறு ரூபாயா பெரிது? அதைச் சாக்காக வைத்து, தறிக்காரருக்கு நூல் கிடைக்காததையோ கூலி கட்டுப்படியாகாததையோ சபையில் பேசிவிடலாம். எதிர்க்கட்சிக்காரரின் சாமர்த்தியம் இங்கேதான் தெரியும்.

முதலமைச்சர் காமராஜர் சும்மா இருப்பாரா? 1962 தேர்தலில் அந்த 15 பேரையும் குறிவைத்தார். 14 பேர் தோற்றார்கள். தஞ்சாவூருக்கு மாறிய கருணாநிதி மட்டும் தப்பினார். காஞ்சிபுரத்தில் அண்ணாவை வென்றவர் எஸ்.வி. நடேச முதலியார். சொந்த ஊரே கைவிட்டதே என்று இன்றும் அங்கலாய்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. உள்ளூர்க்காரர் என்பதற்காக ஓட்டை எழுதிக் கொடுத்துவிட முடியுமா? அதே தேர்தலில் கட்சியின் பலம் 15-லிருந்து 50 ஆனதையும் சேர்த்துப் பார். பெயர்களை மட்டும் படித்தால் தோல்வி, கட்சியையும் சேர்த்துப் படித்தால் வளர்ச்சி. அண்ணா மாநிலங்களவைக்குப் போனார்.

1967 பட்டியலையும் எழுது. அந்த மார்ச்சில் முதலமைச்சரானவர் அண்ணா. ஆனால் 234 பேரில் அவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. அவர் நின்று வென்றது தென்சென்னை மக்களவைத் தொகுதியில். முதலமைச்சரான பிறகு சட்ட மேலவைக்குத் தேர்வானார். 1986-இல் கலைக்கப்பட்ட அந்த மேலவைக்குத் தனிப் பட்டியல் உண்டு, அதில் பார்.

உன் மாமா