பணம் வருமுன் கையெழுத்தா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் பெயின்டிங் சப்-கான்ட்ராக்ட் எடுத்திருக்கிறேன். கட்டடத்தின் மீது லீன் (பாக்கிக்காகச் சொத்தின் மீது கோரும் உரிமை) போடமாட்டேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள். செக் தருமுன் விடுவிப்புப் படிவமும் கேட்கிறார்கள். கையெழுத்திடலாமா?

பதில்: ஒப்பந்த வரிக்காகக் கவலைப்படாதீர்கள், சிவில் சட்டம் 8122-ஆம் பிரிவின்படி அது செல்லாது. கவனம் வேண்டியது படிவத்தில்தான். நிபந்தனையுள்ளது என்றால், பணம் கைக்கு வந்தால்தான் லீன் உரிமை போகும். நிபந்தனையற்றதோ, செக் திரும்பி வந்தாலும் உங்களைக் கட்டிப்போடும். பணம் வங்கியில் சேரும்வரை அந்தப் படிவத்தைத் தொடவே தொடாதீர்கள். 'எந்தத் தேதி வரை' என்ற இடத்தையும் பாருங்கள். ஜூன் 15 வரைக்குத்தான் பில் போட்டிருக்க, அங்கே ஜூன் 30 என்றிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். உங்கள் ஆட்களின் இரண்டு வார உழைப்பு அது! இன்னொன்று: லீன் உரிமையைக் காக்க, வேலை தொடங்கிய 20 நாளுக்குள் முன்னறிவிப்பு அனுப்பினீர்களா? இல்லையென்றால் இன்றே அனுப்புங்கள்.