'இஸ்லாத்தின் வாள்' எனப் பட்டம் பெற்ற கிறிஸ்தவர்

கெய்ரோவுக்குச் செல்லும் நம்மவர்கள் பெரும்பாலும் பிரமிடுகளைப் பார்த்ததோடு திரும்பிவிடுகிறார்கள். பழைய நகரின் பாபுல் நஸ்ர், பாபுல் புதூஹ், பாப் சுவைலா என்ற மூன்று கல் வாயில்களையும் அவசியம் பார்க்க வேண்டும். 1087-க்கும் 1092-க்கும் இடையே இவற்றைக் கட்டுவித்தவர் அரபியர் அல்லர். பத்ர் அல்ஜமாலி என்னும் ஆர்மீனியர்.

ஆர்மீனியரின் தலைநகரான ஆனியை 1045-ல் பைசாந்தியரும், 1064-ல் செல்ஜுக் துருக்கியரும் கைப்பற்றினர். நாடிழந்த மக்கள் நாலா திசையும் சிதறினார்கள். பத்ர், சிரியாவில் அடிமையாக இருந்து, முஸ்லிமாகி, தளபதியாக உயர்ந்தவர். பஞ்சத்தாலும் படைகளின் சண்டையாலும் எகிப்து சீரழிந்தபோது, பாத்திமிய கலீபா முஸ்தன்சிர் அவரை அழைத்தார். ஆர்மீனிய வீரர்களுடன் கப்பலேறி, 1074 தொடக்கத்தில் கெய்ரோ வந்து சேர்ந்தார். அடங்காத தளபதிகளை விருந்துக்கு அழைத்துத் தீர்த்துக்கட்டினார். கொடுமைதான், ஆனால் நாட்டில் அமைதி திரும்பியது. அவர் நிழலில் ஆர்மீனியக் கிறிஸ்தவர்களும் குடியேறினர். அவர்களது திருச்சபைத் தலைவரே எகிப்துக்கு வந்து சென்றார்.

இதைவிட வியப்பானது பஹ்ராமின் கதை. 1135-ல் கலீபா ஹாபிஸ் இவரை வசீராக, அதாவது முதலமைச்சராக, நியமித்தார். இவர் மதம் மாறாத கிறிஸ்தவர். ஆயினும் பதவியோடு வந்த பட்டம் 'இஸ்லாத்தின் வாள்'! பெருநாளன்று கலீபாவுடன் மிம்பரில் ஏற வேண்டியவர் வசீர் ஆயிற்றே என்று அரசவையினர் ஆட்சேபித்தனர். அந்தக் கடமையைத் தலைமைக் காஜி செய்வார் என்று சமாளித்தார் கலீபா.

வெளிமாநிலத்தில் வாழும் நாம் அடுத்த பகுதியைச் சற்று நிதானமாகப் படிக்கலாம். பஹ்ராம் தம் இனத்தாரை ஆயிரக்கணக்கில் வரவழைத்தார். தம்முடைய சகோதரரைக் கூஸ் நகரின் ஆளுநராக்கினார். புதிய தேவாலயங்கள் எழுந்தன. உள்ளூர் மக்களின் மனக்கசப்பு நாளுக்கு நாள் வளர்ந்தது. 1137-ல் ரித்வான் என்ற தளபதி, ஈட்டி முனையில் குர்ஆன் பிரதிகளை உயர்த்திப் படை திரட்டினார். பஹ்ராமின் முஸ்லிம் வீரர்கள் அணி மாறினர். அவர் தெற்கே கூஸுக்கு ஓடினார். அங்கே சகோதரரை ஊரார் ஏற்கெனவே கொன்றுவிட்டிருந்தார்கள். பிறகு ஒரு மடத்தில் ஒதுங்கினார்.

கலீபா மட்டும் அவரை மறக்கவில்லை. மீண்டும் கெய்ரோவுக்கு அழைத்து அரண்மனையிலேயே தங்க வைத்தார். 1140-ல் பஹ்ராம் இறந்தபோது, அந்தக் கிறிஸ்தவரின் இறுதி ஊர்வலத்தில் கலீபாவே உடன் சென்றார்.

ஆர்மீனிய வில்லாளர்கள் அதன்பின்னும் பாத்திமியப் படையில் நீடித்தார்கள். 1169-ல் கெய்ரோவில் எழுந்த கலகத்தைச் சலாஹுத்தீன் அடக்கியபோது, அவர்களுடைய குடியிருப்பு தீக்கிரையாக்கப்பட்டது.