பத்துக்கு ஒன்று காட்டிய பலகை: மொன்றியல் வீட்டுக் கணக்கு

1976 யூலை 17 முதல் ஓகஸ்ட் 1 வரை ஒலிம்பிக் நடந்த நகரத்தில் இருந்துகொண்டு, பிள்ளைகளின் கணக்குக்கு எங்கெங்கோ பயிற்சித்தாள் தேடுகிறோம். அந்த 16 நாட்களிலேயே வேண்டிய அளவு கணக்கு கிடக்கிறது.

1. சின்னவர்களுக்கு மூன்று தட்டு வையுங்கள். அந்த ஒலிம்பிக்கில் கனடா எடுத்தது 5 வெள்ளி, 6 வெண்கலம். வெள்ளிக்குக் கடலை, வெண்கலத்துக்குப் பயறு. தங்கத் தட்டில் என்ன வைப்பது என்று பிள்ளை கேட்கும். ஒன்றும் இல்லை! பூச்சியத்தை அந்த வெறுந்தட்டே சொல்லிக்கொடுத்துவிடும்.

2. யூலை 18 அன்று ருமேனியாவின் 14 வயது நாடியா கொமனேச்சி ஜிம்னாஸ்டிக்ஸில் 10க்கு 10 எடுத்தார். பலகையோ 1.00 என்று காட்டியது. அதில் மூன்று இலக்கத்துக்குத்தான் இடம். பழைய அட்டைப்பெட்டியை வெட்டி இலக்க அட்டைகள் செய்யுங்கள். மேசையில் மூன்று கட்டம், முதற்கட்டத்துக்குப் பின் ஒரு புள்ளி. 9.95 எழுதச் சொல்லுங்கள், பிறகு 10. திண்டாடட்டும், விடையைச் சொல்லிவிடாதீர்கள். “புள்ளியைத் தள்ளி வைக்கலாமா?” என்று கேட்டால் இடப்பெறுமானம் பிடிபட்டுவிட்டது.

3. பெருக்கல் தெரிந்தவர்களுக்குப் பதக்கப் பட்டியல். கிழக்கு ஜெர்மனி: 40 தங்கம், 25 வெள்ளி, 25 வெண்கலம். அமெரிக்கா: 34, 35, 25. யார் முன்னே? தங்கத்தை மட்டும் எண்ணினால் ஜெர்மனி. மொத்தமாகக் கூட்டினால் 90க்கு 94, அமெரிக்கா. தங்கத்துக்கு 3, வெள்ளிக்கு 2, வெண்கலத்துக்கு 1 என்று புள்ளி போட்டால் 195க்கு 197. 5, 3, 1 என்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: இரண்டுக்கும் சரியாக 300! இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கொரு நாடு கொடுங்கள். சண்டை வரும், வரட்டும், கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள்.

4. மரதனில் முதலாவது வந்தவரின் நேரம் 2 மணி 9 நிமிடம் 55 விநாடி. இந்தியாவின் சிவ்நாத் சிங் 2:16:22இல் 11ஆவதாக வந்தார். வித்தியாசம் 6 நிமிடம் 27 விநாடி. நிமிடத்திடம் கடன் கேட்டால் 60 வரும், 100 வராது. எல்லாப் பிள்ளைகளும் சறுக்கும் இடம் இது.

5. இங்குள்ள பிரெஞ்சுப் பள்ளிகளில் தசமத்துக்குப் புள்ளி இல்லை, காற்புள்ளிதான்: 9,95. அம்மம்மா புள்ளி வைத்துச் சொல்லிக்கொடுத்தால் இரண்டும் ஒன்றே என்று முதலிலேயே சொல்லிவையுங்கள்.

6. சதுரத்தாளை மூலைக்கு மூலை மடித்தால் 45 பாகை. ஒலிம்பிக் அரங்கின் சாய்ந்த கோபுரமும் 45 பாகை என்றே சொல்கிறார்கள். வியோ மெட்ரோவில் இறங்கி, தாளைப் பிடித்துப் பார்க்கலாம்.

7. யாழ்ப்பாணத்து மாமாவுக்குப் போட்டி நேரத்தைச் சொல்லும் வேலை பிள்ளையுடையது. கோடையில் ஒன்பதரை மணி கூட்ட வேண்டும், குளிர்காலத்தில் பத்தரை. பிழைத்தால் மாமா நடுச்சாமத்தில் எழும்பியிருப்பார்.