எந்த நீதிமன்றம்? மூன்று கேள்விகள்

"கோர்ட்டுக்குப் போவேன்" என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. எந்தக் கோர்ட்டு என்று யாரும் கேட்பதில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும் தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டும் பயின்ற எனக்கு இதை எந்தப் பாடநூலும் சொல்லித் தரவில்லை. பல்கலைக்கழகம் வந்த பிறகே தேடிப் படித்தேன். சட்டத்துறை மாணவர்கள் மட்டுமன்றி, நாம் அனைவரும் அறிய வேண்டிய செய்தி இது.

ஜொகூரை எடுத்துக்கொள்வோம். ஜொகூர் பாரு, மூவார், குளுவாங், சிகாமட் எனப் பல ஊர்களில் நீதிமன்றங்கள் உள்ளன. ஆனால் மாஜிஸ்திரேட், செஷன்ஸ், உயர் நீதிமன்றம் ஆகிய மூன்றும் கூட்டரசைச் சேர்ந்தவை. மாநிலத்தின் அதிகாரத்தில் அமைந்தது ஷரியா நீதிமன்றம். கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை இவ்வாறு பங்கிட்டுள்ளது.

ஒரு வழக்கு எங்கே போகும் என்பதை அறிய மூன்று கேள்விகள் உதவும்.

முதலாவது, எவ்வளவு? கோரும் தொகை 100,000 வெள்ளி வரை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். 10 லட்சம் வெள்ளி வரை செஷன்ஸ். அதற்கும் மேல் உயர் நீதிமன்றம். இந்த வரம்புகள் 2013 மார்ச் முதல் நடப்பில் உள்ளன. அதற்கு முன் இவை 25,000 வெள்ளியும் 250,000 வெள்ளியுமாக இருந்தன.

இரண்டாவது, எதைப் பற்றியது? சாலை விபத்து, வீட்டு வாடகை வழக்குகளைத் தொகை எவ்வளவாயினும் செஷன்ஸ் விசாரிக்கலாம். முஸ்லிம் அல்லாதாரின் மணவிலக்கு உயர் நீதிமன்றத்துக்கு உரியது. குற்ற வழக்கிலும் இதே முறைதான்: மரண தண்டனைக்குரிய குற்றத்தை உயர் நீதிமன்றமே விசாரிக்கும்.

மூன்றாவது, யார்? இக்கேள்விதான் நம் குடும்பங்களை அதிகம் தொடுகிறது. ஷரியா நீதிமன்றத்தின் அதிகாரம் இஸ்லாமியர்மீது மட்டுமே செல்லும். அதன் அதிகாரத்துக்குட்பட்ட விவகாரங்களில் சிவில் நீதிமன்றம் தலையிடக்கூடாது என 1988இல் 121(1ஏ) பிரிவு சேர்க்கப்பட்டது. கணவன் மனைவியரில் ஒருவர் மதம் மாறினால் பிள்ளைகள் வழக்கு எங்கே நடக்கும்? ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தி 2009 முதல் இக்கேள்வியோடு நீதிமன்றம் ஏறி இறங்கினார். பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும், மதமாற்றப் பதிவு சட்டப்படி நடந்ததா என்பதைச் சிவில் நீதிமன்றம் ஆராயலாம் என்று கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரி 29இல் தீர்ப்பளித்தது. எந்த வாசல் என்பதை உறுதிசெய்யவே ஒரு தாய்க்கு ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் ஆயின.

வாசல் மாறிப் போனால் பணத்தோடு காலமும் போகும். ஒப்பந்த வழக்கை 6 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்கிறது 1953ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம். ஆகவே வீட்டில் ஒரு சிக்கல் எழுந்தால், எவ்வளவு, எதைப் பற்றியது, யார் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்குச் செல்லுங்கள். வசதி குறைந்தவர்களுக்காகவே அது இயங்குகிறது. படித்த பிள்ளைகள் நாம் பெற்றோருக்குச் செய்யக்கூடிய எளிய உதவி இது.