உடைந்த மட்டைக்கு மாற்று

இறகுப் பந்தாடும் மாணவியரிடம் ஒரு விந்தையைக் காண்கிறோம். பந்துகள் எத்தனை கிழிந்தாலும் அவர்கள் கவலைப்படுவதில்லை. கைக்குப் பழகிய மட்டையில் ஒரு விரிசல் கண்டாலோ அன்று மதியச் சோறு இறங்குவதில்லை! அதைவிட வருந்தத்தக்கது பின்னால் நடப்பது. வீட்டில் சொல்ல அஞ்சிச் சிலர் மட்டையை உறைக்குள்ளேயே மறைத்து வைக்கின்றனர். சிலர் அவசரத்தில் வேறொன்றை வாங்கி, அது கைக்கு ஒத்துவராமல், "எனக்கு ஆட்டமே மறந்துவிட்டது" என்று சொல்லிக் களத்திற்கு வருவதையே நிறுத்திவிடுகின்றனர். நன்றாக ஆடிய பெண்கள் இப்படி விலகியதை நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே மாற்று மட்டையைத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கே சற்று ஆராய்வோம்.

முதலில், உடைந்தது எது என்று அறிய வேண்டும். கடைக்காரர்கள் 'கட்' என்று சொல்லும் நரம்பு மட்டும் அறுந்திருந்தால் புது மட்டை தேவையே இல்லை. நரம்பை மாற்றினால் போதும். ஆனால் ஒரு நரம்பு அறுந்ததும் மற்றவற்றையும் நடுவிலிருந்து தொடங்கி ஓரம் நோக்கி வெட்டிவிட வேண்டும். இல்லையேல் ஒரு பக்கம் இழுப்பும் மறுபக்கம் தளர்வுமாகிச் சட்டம் கோணிப்போகும்.

சட்டத்தில் கோடு தெரிந்தால் நகத்தால் வருடிப் பாருங்கள். வண்ணம் மட்டும் உரிந்திருந்தால் பயமில்லை. நகம் பள்ளத்தில் சிக்கினாலோ, இரு கைகளாலும் மெல்ல அழுத்தும்போது 'கிரீச்' என்று ஓசை வந்தாலோ அது விரிசலேதான். இக்காலத்து மட்டைகள் பெரும்பாலும் கார்பன் இழையால் ஆனவை. பள்ளி மாணவியருக்குக் கட்டும் நரம்புகூட ஒவ்வொன்றும் 20 பவுண்டு அளவில் இழுத்துக் கட்டப்படுகிறது. அத்தனை நரம்புகளின் இழுவையையும் அந்த மெல்லிய சட்டம் தாங்க வேண்டும். விரிசல் விட்ட சட்டத்தில் பசை தடவி, மறுபடி நரம்பு கட்டுவது பணத்திற்குத்தான் கேடு.

(இரட்டையர் ஆட்டத்தில் நடுவில் வரும் பந்துக்கு இருவரும் பாய்ந்து மட்டைகள் மோதிக்கொள்வது உண்டு. "உன்னால்தான் உடைந்தது" என்று தோழியர் பேசாதிருப்பதும் உண்டு. நடுப்பந்து யாருடையது என்று இருவரும் முன்பே பேசி வைத்துக்கொள்ளாததே அதற்குக் காரணம். பாதிக் குற்றம் அவளுடையது, பாதி உங்களுடையது!)

இனி, பழைய மட்டையைத் தூக்கி எறியாதீர்கள். கடைக்குப் போகுமுன் அதுதான் நமக்கு அளவுகோல். விதிப்படி எந்த மட்டையும் 680 மில்லிமீட்டர் நீளத்தைத் தாண்டக்கூடாது. கடையில் தொங்கும் மட்டைகள் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றினாலும், வேறுபாடெல்லாம் எடையிலும் சமநிலையிலும் தண்டின் வளைவிலும் கைப்பிடியிலும் இருக்கிறது. கைப்பிடிக்குச் சற்று மேலே, கூம்பு போன்ற பகுதியில் சிறு எழுத்துகள் இருக்கும். 3யூ என்றால் 85 முதல் 89 கிராம். 4யூ என்றால் 80 முதல் 84 கிராம். 5யூ என்றால் 75 முதல் 79 கிராம். எண் கூடக்கூட எடை குறையும் என்பதை நினைவிற் கொள்க. பள்ளி மாணவியர் பலருக்கு 4யூ அல்லது 5யூ நன்கு பொருந்தும்.

எடையைவிட முக்கியமானது அந்த எடை எங்கே நிற்கிறது என்பது. மட்டையைக் கிடையாக ஒரு விரல்மேல் வைத்து, அது சாயாமல் நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு இடுங்கள். கைப்பிடியின் அடியிலிருந்து அக்கோடு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பொதுவாக 29 சென்டிமீட்டரைச் சுற்றி அது அமையும். அதற்கு மேலே போகப் போகத் தலைப்பக்கம் கனம் கூடுகிறது. மனிதருக்குத் தலைக்கனம் ஆகாது. மட்டைக்கோ ஓரளவு ஆகும், ஓங்கி அடிக்க உதவும். ஆனால் வலையருகே விரைந்து தடுத்தாடும் பெண்ணுக்கு அது சுமை. கடையில் ஒப்பிடும்போது நரம்பு கட்டிய மட்டையோடே ஒப்பிடுங்கள். நரம்பின் எடையும் தலைப்பக்கம்தான் சேரும். கைப்பிடியில் கூடுதலாகச் சுற்றிய பட்டை எதிர்ப்பக்கம் இழுக்கும். "அதே மட்டைதான் வாங்கினேன், ஆனால் வேறு மாதிரி இருக்கிறது" என்று சொல்பவர்களில் பலர் இந்தப் பட்டையைக் கணக்கில் எடுப்பதில்லை.

தண்டு விறைப்பாக இருந்தால் கை மிக வேகமாகச் சுழல வேண்டும். சுழற்சி மெதுவான தொடக்கநிலை ஆட்டக்காரிக்கு வளையும் தண்டே பந்தைக் கோடிவரை அனுப்பும்.

கைப்பிடியைத் தளர்வாகப் பிடிக்கும்போது விரல் நுனிகளுக்கும் உள்ளங்கைக்கும் இடையே ஒரு விரல் நுழையும் இடம் இருத்தல் நலம். சந்தேகமானால் சிறியதையே வாங்குக. பட்டை சுற்றிப் பருமனாக்கலாம், பருத்ததைச் செதுக்க முடியாது. எட்டாம் வகுப்பில் வாங்கிய மட்டை பதினொன்றாம் வகுப்பில் உடைந்தால், கையும் தோளும் இடையில் வளர்ந்திருக்கும். ஆதலால் பழைய அளவை அப்படியே நகல் எடுக்காமல், அதில் எது பிடித்தது, எது தொல்லை தந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஆடிய பின் முழங்கையோ தோளோ வலித்ததுண்டா? அதையும் எழுதுங்கள்.

நரம்பின் இறுக்கத்தில்தான் பலர் ஏமாறுகின்றனர். இறுக்கம் கூடினால் அடியும் பலக்கும் என்பது தவறான எண்ணம். இறுகிய நரம்பில் பந்து துள்ளுவது குறைவு. நன்றாகப் பட வேண்டிய நடுப்பகுதியும் சுருங்கும். 20 முதல் 23 பவுண்டு நம் அணிக்குப் போதும். சட்டத்தில் அச்சிட்ட உச்ச அளவை எக்காரணத்தாலும் மீறலாகாது.

வீராங்கனைகள் பிடிக்கும் மட்டையே வேண்டும் என்று அடம் பிடிப்போருக்கும் ஒரு வார்த்தை. 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்ற பி. வி. சிந்துவின் உயரம் ஏறத்தாழ 179 சென்டிமீட்டர். அவருடைய கை வீச்சுக்கும் பல்லாண்டுப் பயிற்சிக்கும் ஏற்ற மட்டை, நம் பத்தாம் வகுப்புப் பெண்ணின் தோளுக்கு எப்படிப் பொருந்தும்? பெற்றோர் கவனத்திற்கும் ஒன்று: விலை கூடிய மட்டை மோதலில் உடையாது என்பதற்கு உறுதி ஏதுமில்லை. அதற்காக, இரண்டு மட்டையும் பந்தும் சேர்த்து ஒரே பையில் விற்கும் இரும்பு மட்டையை வாங்கித் தருவதும் சிக்கனமாகாது. அதன் பாரம் அணியில் ஆடும் பெண்ணின் கையைத்தான் வருத்தும். நடுத்தர விலையில் கார்பன் மட்டை ஒன்றும், மிச்சப் பணத்தில் நல்ல நரம்பும் வாங்குவதே எங்கள் யோசனை. பெண்ணையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவள் கை வராமல் மட்டை வாங்குவது கால் வராமல் செருப்பு வாங்குவது போல.

நம் பள்ளியில் பூப்பந்தும் ஆடுகிறோம் அல்லவா? இறகுப் பந்தின் எடை 5.50 கிராமைத் தாண்டாது. பூப்பந்தின் கம்பளிப் பந்தோ 27 கிராமுக்குக் குறையாது. ஒரே மட்டையால் இரண்டையும் ஆடினால் இறகுப் பந்து மட்டை நெடுநாள் நிற்காது.

புது மட்டை வந்ததும் அதை நேரே போட்டிக்குக் கொண்டு போகாதீர்கள். முதல் சில நாள்கள் நீண்ட உயரப் பந்துகளையும் தாழ்ந்த சர்வீஸையும் மட்டும் அடித்துப் பழகுங்கள். பந்து கோட்டுக்கு வெளியே விழும், அல்லது வலையில் முட்டும். அந்நாள்களில் புது நரம்பும் சிறிது தளரும். கையும் தன் கணக்கை மாற்றிக்கொள்ளும். பழைய மட்டையின் நரம்பை அவிழ்த்துவிட்டு, உறை மாட்டி, மாலையில் மணிக்கட்டுப் பயிற்சிக்கு வீசிப் பழகலாம்.

— விளையாட்டுக் குழுவினர்