எதிர் மேசைக்கு எதுக்கு இவ்வளவு சுத்து வழி?

லேப்ல உங்க லேப்டாப்பும் டீம்மேட் லேப்டாப்பும் ஒரே மேசையில, ஒரே வைஃபைல இருக்கு. புராஜெக்ட் ஃபோல்டரை ஷேர் பண்றீங்க. டேட்டா நேரா அந்தப் பக்கம் போகுதுன்னு நினைச்சா தப்பு. ஒவ்வொரு ஃப்ரேமும் வராண்டா கடைசியில மாட்டியிருக்கிற ஆக்சஸ் பாயிண்டுக்குப் போயிட்டுத்தான் திரும்பி வரும். தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற கதைதான்.

நஷ்டம் எவ்வளவு? ஒரு ஃப்ரேம்ல 1500 பைட், அதாவது 12,000 பிட்னு வைங்க. ஆக்சஸ் பாயிண்ட் தூரத்துல இருக்கிறதால 13 எம்பிபிஎஸ்தான் கிடைக்குது. ஒரு தடவைக்கு சுமார் 923 மைக்ரோசெகண்ட். போக, வர 1846. நேரடியா அனுப்பினா ஒரு அடி தூரம்தானே, 802.11என்-ல ஒரே ஸ்ட்ரீம், 20 மெகாஹெர்ட்ஸ்னாலும் 65 எம்பிபிஎஸ் வரை போகலாம். வெறும் 185 மைக்ரோசெகண்ட்! ஹெடர், அக்னாலட்ஜ்மென்ட் எல்லாம் சேர்த்தா வித்தியாசம் குறையும். ஆனா மிச்சமாகிற நேரம் அதே சேனல்ல காத்துக்கிட்டிருக்கிற எல்லாருக்கும்தான்.

802.11இ, 2005-லயே டிஎல்எஸ்னு ஒரு வழி கொடுத்துச்சு. ஆனா ஆக்சஸ் பாயிண்டுக்கும் அது தெரிஞ்சிருக்கணும். பழைய பெட்டியை யாரு மாத்துவா? எடுபடல. 2010-ல வந்த 802.11இசட், அதாவது டிடிஎல்எஸ், இங்கதான் புத்திசாலித்தனம் காட்டுது. செட்டப் ரெக்வஸ்டை சாதாரண டேட்டா ஃப்ரேமுக்குள்ள வெச்சு அனுப்பிடும். ஆக்சஸ் பாயிண்ட் தபால்காரர் மாதிரி கவரைப் பிரிக்காம கொண்டுபோய்ச் சேர்த்துடும். ரெக்வஸ்ட், ரெஸ்பான்ஸ், கன்ஃபர்ம். மூணே மெசேஜ், லிங்க் ரெடி.

வைவால இதை வைஃபை டைரக்ட்டோட குழப்பிக்காதீங்க. அதுல ரெண்டு டிவைஸ்ல ஒண்ணு குரூப் ஓனராகி, ஆக்சஸ் பாயிண்ட் வேலையைத் தானே பார்க்கும். டிடிஎல்எஸ்ல ரெண்டும் பழைய ஆக்சஸ் பாயிண்டோட இணைஞ்சேதான் இருக்கும். இன்டர்நெட் அறுந்து போகாது. ஒருத்தர் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு தூரமாப் போயிட்டா, நேரடி லிங்கைக் கலைச்சுட்டு பழைய வழிக்கே திரும்பிடலாம்.

லினக்ஸ்ல 'ஐடபிள்யூ லிஸ்ட்' போட்டு, உங்க கார்டு டிடிஎல்எஸ் சப்போர்ட் பண்ணுதான்னு முதல்ல பாருங்க. அடுத்து எதிர் மெஷினுக்கு ஒரு பிங். அதுவே போகலைன்னா, கிளையண்ட் ஐசோலேஷன் ஆன்ல இருக்கான்னு விசாரிங்க. செட்டப் மெசேஜும் ஆக்சஸ் பாயிண்ட் வழியாத்தானே போகணும்? ஹாஸ்டல் வைஃபைல பிங் பண்ணிப் பார்க்காம ரெண்டு நாள் டிரைவரைத் திட்டிக்கிட்டு இருந்த ஆள் நான். அப்புறம் சொந்த ரவுட்டரை எடுத்துட்டு வந்துதான் ரீடிங்கே எடுத்தேன்.