கூட்டைத் திறந்த பின்

1984ஆம் ஆண்டு நான் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியொன்றில் பணியாற்றி வந்தேன். வித்தைகாட்டி ஒருவனிடமிருந்து குரங்கு ஒன்றை எங்கள் பயிற்சி மாணவியர் தம்முள் பணம் திரட்டி விலைகொடுத்து வாங்கினர். நம் சமயத்தார் நால்வகைத் தானங்களுள் ஒன்றாகப் போற்றும் அபயதானத்தைச் செயலிற் காட்ட வாய்ப்புக் கிட்டியதே என்று மகிழ்ந்தேன். நானே முன்னின்று அதனை அண்மையிலிருந்த குன்றின் அடிவாரத்துக்குக் கொண்டு சென்று, கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். அது மரத்தில் ஏறவில்லை. எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தது. நாங்கள் திரும்பி நடக்க, அதுவும் பின்தொடர்ந்தது. கைதட்டி விரட்டிவிட்டு வந்தோம். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அதுபற்றி ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன்.

ஐந்தாம் நாள் அடிவாரத்துத் தேநீர்க் கடைக்காரர் செய்தி சொல்லி அனுப்பினார். குன்றில் வாழ்ந்த கூட்டம் அதனைக் கடித்துத் துரத்தியிருக்கிறது. அது கடை வாசலுக்கு வந்து, வருவோர் போவோரிடம் கையேந்தியபடி இருந்திருக்கிறது. இரவில் நாய்கள் சூழ்ந்தபோது மரமேற வேண்டும் என்பது அதற்குத் தோன்றவில்லை. கயிற்றை அவிழ்த்த கை என்னுடையது என்பதை இன்றளவும் என்னால் மறக்க இயலவில்லை.

அதே 1984ஆம் ஆண்டில், உலகின் மறுகோடியிலுள்ள பிரேசில் நாட்டில், இதே செயலை அறிஞர் சிலர் பெருந்திட்டமாகத் தொடங்கினர் என்பதைப் பணி ஓய்வுக்குப் பின்னரே படித்தறிந்தேன். அவர்களும் தொடக்கத்தில் துயரத்தையே கண்டனர். ஆயின் அவர்கள் சொற்பொழிவோடு நிற்கவில்லை. எங்கே பிழைத்தோம் என்று ஒவ்வோர் உயிரின் முடிவையும் ஆராய்ந்தனர். அந்த ஆராய்ச்சியே இக்கட்டுரையின் பொருள்.

ரியோ டி ஜெனிரோ மாநிலத்தின் கடலோரத் தாழ்நிலக் காடுகளில் மட்டுமே வாழ்வது பொன்சிங்கக் குரங்கு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சிங்கவால் குரங்கோடு இதனை மயங்க வேண்டா. அது வேறு, இது வேறு. இது அணிலினும் சற்றே பெரியது. எடை அரைக் கிலோவுக்குச் சிறிது கூடுதல். உடல் முழுதும் பொன்னிற மயிர். முகத்தைச் சுற்றிச் சிங்கத்தின் பிடரிபோன்ற அமைப்பு. பெரும்பாலும் இரட்டைக் குட்டிகளை ஈனும். குட்டிகளை முதுகில் சுமப்பதில் தந்தையும் மூத்த பிள்ளைகளும் பெரும்பங்கு ஏற்பர். இரவில் குடும்பத்தோடு மரப்பொந்தில் உறங்கும். கனிகளை உண்ணும், நீண்ட விரல்களை மரப்பட்டை இடுக்கிலும், கிளைகளில் தொற்றி வளரும் அன்னாசி இனத்துச் செடிகளின் இலையடியிலும் நுழைத்துத் துழாவிப் பூச்சிகளையும் சிறு தவளைகளையும் பிடித்துண்ணும். இதனைப் படிக்கும் நம்மவர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். விலங்கின் இயல்பு அது. நாம் மேற்கொண்ட விரதத்தை அதன்மேல் ஏற்றுதல் முறையன்று.

காடு கரும்புக்கும் மேய்ச்சலுக்கும் நகரத்துக்கும் அழிந்தது. அழகே பகையாகி, செல்லப் பிராணியாக விற்பதற்கும் பிடிக்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் காட்டில் எஞ்சியவை ஏறத்தாழ 200 மட்டுமே என்று மதிப்பிட்டுக் குரல் எழுப்பியவர் பிரேசில் அறிஞர் அடெல்மார் கோயிம்ப்ரா ஃபில்யோ. அவர் முயற்சியின் பயனாக 1974இல் பொசோ தாஸ் அந்தாஸ் என்னும் காப்புக்காடு அமைந்தது. விலங்குக்காட்சிசாலைகளில் இருந்தவையும் சரிவரப் பெருகவில்லை. வாஷிங்டன் தேசிய விலங்குக்காட்சிசாலையைச் சேர்ந்த டெவ்ரா கிளைமன் என்னும் அம்மையார் இவற்றின் குடும்ப வாழ்க்கையை நுணுகி ஆராய்ந்து, இணைசேர்க்கும் முறையைத் திருத்திய பின்னரே கூண்டுகளில் எண்ணிக்கை உயர்ந்தது. அப்படிப் பெருகியவற்றைத் தாயகக் காட்டுக்குத் திருப்பியனுப்பும் பணியே 1984இல் தொடங்கிற்று. விலங்கின நடத்தையில் வல்லுநரான பெஞ்சமின் பெக் இப்பணியில் முதன்மைப் பங்கேற்றார்.

கூண்டில் பிறந்த குரங்குக்குக் காடு என்றால் என்ன? கூண்டுக்குள் நட்டிருக்கும் கொம்பு அசையாது. காட்டுக் கொடியோ கால் வைத்தவுடன் வளையும், சில வேளை ஒடியும். கூண்டில் உணவு கிண்ணத்தில் வரும். காட்டில் அது ஒளிந்திருக்கும். கூண்டில் வழி என்பதே இல்லை. காட்டிலோ காலையில் புறப்பட்ட பொந்துக்கு மாலையில் திரும்ப வழி தெரிந்திருத்தல் வேண்டும். விடப்பட்ட குரங்குகள் கிளைகளில் தடுமாறின, தரையில் இறங்கித் திரிந்தன, வழி தவறின, நச்சுக் கனிகளை உண்டன, பாம்பை அறியாமல் மாய்ந்தன. மனிதரை அஞ்சாமையால் திருடரிடம் அகப்பட்டவையும் உண்டு. விடப்பட்டவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை இரண்டாண்டுக்குள் இறந்தன அல்லது காணாமற்போயின.

அறிஞர்கள் முதலில் எண்ணியது நாமும் எண்ணக்கூடியதே: போதிய பயிற்சி தரவில்லை. ஆகவே, அனுப்புவதற்கு முன் கூண்டுக்குள்ளேயே பயிற்சி தரலாயினர். உணவைத் துளையிட்ட கட்டைகளுக்குள் ஒளித்து வைத்தனர். கிளைகளை அடிக்கடி இடம் மாற்றினர். வாஷிங்டனில் சில குடும்பங்களைக் கூண்டைத் திறந்து, காட்சிசாலை வளாகத்து மரங்களிலேயே உலவவிட்டனர். முடிவு வியப்புக்குரியது. முன்பயிற்சி பெற்றவற்றுக்கும் பெறாதவற்றுக்கும் காட்டில் பிழைத்திருப்பதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை!

வாழ்நாளெல்லாம் பயிற்சி தந்தே ஊதியம் பெற்ற எனக்கு இச்செய்தி முதலில் சுருக்கென்று தைத்தது. பின்னர் எண்ணிப் பார்த்தேன். மாதிரிப் பாடத்தில் முதன்மை பெற்ற மாணவியர் எத்தனை பேர்! பாடக்குறிப்பு ஒழுங்காக இருக்கும். வண்ணப்படங்களும் துணைக்கருவிகளும் குறைவற இருக்கும். அவர்களே ஓராசிரியர் பள்ளி ஒன்றில் ஐந்து வகுப்புகளுக்கிடையே தனித்து நின்றபோது, மூன்றே திங்களில் கண்ணீரோடு வேலையை விட்டு வந்ததைக் கண்டிருக்கிறேன். பயிற்சியில் நடுத்தரமாக இருந்தும், பக்கத்தில் ஓர் அனுபவமுள்ள தலைமையாசிரியை வாய்க்கப்பெற்றவர்கள் நிலைத்து நின்றனர். குரங்குகளின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

பிழைக்க வைத்தது, விட்ட பின் தந்த துணை. விடப்பட்ட குடும்பத்தைக் கண்காணிப்போர் நாள்தோறும் பின்தொடர்ந்தனர். சிலவற்றின் கழுத்தில் வானொலி அலை பரப்பும் பட்டை கட்டி இருப்பிடம் அறிந்தனர். உறங்குவதற்குப் பெட்டிகளை மரத்தில் பொருத்தினர். நாள்தோறும் உணவு வைத்தனர். பின்னர் அதைச் சிறிது சிறிதாகக் குறைத்தனர். வழிதவறியதைத் தேடிப் பிடித்துக் குடும்பத்தோடு சேர்த்தனர். நோயுற்றதை எடுத்து மருந்திட்டு மீண்டும் விட்டனர். இத்துணை சில திங்கள் அன்று, ஆண்டுக்கணக்கில் நீடித்தது.

இதனினும் பெரிய உண்மை ஒன்று உண்டு. கூண்டில் பிறந்த தாய் இறுதிவரை தடுமாறினாலும், காட்டில் அவள் ஈன்ற குட்டி தடுமாறவில்லை. வளையும் கொடியில்தான் அது முதன்முதல் கால் பதித்தது. ஒளிந்திருக்கும் உணவைத்தான் அது முதன்முதல் அறிந்தது. அக்குட்டிகள் பெற்றோரினும் மிகுதியாகப் பிழைத்தன. எனவே, முதல் தலைமுறையைப் பேணியது அதன் பொருட்டு மட்டும் அன்று. அது இரண்டாம் தலைமுறையை ஈன்று வளர்க்கும் வரையிலாவது உயிரோடிருக்க வேண்டும் என்பதற்காகவும் ஆகும். 1984 முதல் 2000 வரை விடப்பட்டவை 146. இன்று காட்டில் வாழ்வனவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அவற்றின் வழிவந்தவை என்பர்.

கூண்டில் பிறவாமல், காட்டிலேயே இடருற்றவற்றை மீட்ட கதையும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் பிரேசில் ஆய்வாளர் சிசிலியா கியெருல்ஃப் காடு காடாக நடந்து கணக்கெடுத்தபோது, அழிந்துகொண்டிருந்த துண்டுக் காடுகளில் தனித்தனிக் குடும்பங்கள் சிக்கியிருப்பதைக் கண்டார். பக்கத்தில் வேறு குடும்பம் இல்லாமையால் பிள்ளைகளுக்கு இணை கிடைக்காது. குடும்பம் அத்தோடு முடியும். 1994 முதல் இவற்றைப் பிடித்து உனியாவோ என்னும் காட்டுக்கு மாற்றினர். ஆறு குடும்பங்கள், 42 உயிர்கள். ஒவ்வொரு குடும்பத்தையும் பிரிக்காமல் ஒன்றாகவே கொண்டு சென்றனர் என்பதைக் கவனிக்க வேண்டும். இவை ஏற்கெனவே காடறிந்தவை. ஆதலின் தடுமாற்றம் மிகக் குறைவு. அடுத்த பத்தாண்டுகளில் 200ஐ எட்டிப் பெருகின. 1998இல் உனியாவோவும் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது.

இரக்கம் இடம் அறியாமல் செய்த தீங்கும் அந்நாட்டிலேயே நிகழ்ந்தது. பொன்தலைச் சிங்கக் குரங்கு என்பது இதன் உடன்பிறப்பினம். அதன் தாயகம் வடக்கே பாகியா மாநிலம். தனியார் ஒருவரிடம் வளர்ந்த சில, ரியோவுக்கு எதிர்க்கரையிலுள்ள நிட்டெராய் நகரக் காட்டில் வெளிப்பட்டு, 2002இல் கண்டறியப்படும் முன்பே பெருகிவிட்டன. அவை பரவிப் பொன்சிங்கக் குரங்கோடு கலந்தால் இரு இனத்துக்கும் கேடு. 2012 முதல் நூற்றுக்கணக்கானவற்றைத் துன்புறுத்தாமல் பிடித்துத் தாயகத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. விட்டவர் மனத்தில் கருணையே இருந்திருக்கலாம். நான் குன்றடியில் நின்றபோது என் மனத்திலும் அதுவே இருந்தது.

ஊர்மக்களை ஈர்த்த பணியையும் ஓர் ஆசிரியை என்ற முறையில் சொல்லாமல் விட இயலவில்லை. பள்ளிப் பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துச் சென்றனர்; பண்ணை உரிமையாளர்களைக் கண்டு பேசினர். வீட்டில் வளர்த்த குரங்குகளைத் தாமாகவே ஒப்படைத்தோரும் இருந்தனர். விடப்பட்ட குடும்பங்கள் பல, தனியார் பண்ணைக் காடுகளில்தான் குடியேறின. இக்குரங்கின் உருவம் 2002இல் பிரேசிலின் 20 ரியால் பணத்தாளிலும் இடம்பெற்றது.

2003இல் இவ்வினம் மிகக் கடும் ஆபத்து நிலையிலிருந்து ஒரு படி மீண்டதாக அறிவிக்கப்பட்டது. 2014இல் எண்ணிக்கை ஏறத்தாழ 3,700. பிறகு மஞ்சள் காய்ச்சல் வந்தது. கொசுவால் பரவும் அந்நோய் சில ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை வாரிக்கொண்டு, தொகையை 2,500 அளவுக்குத் தாழ்த்தியது. மனிதருக்கான தடுப்பு மருந்தை இவற்றுக்கேற்ற அளவில் ஆய்ந்து, காட்டில் பிடித்து ஊசியிட்டு, பிடித்த இடத்திலேயே விடும் பணி நடைபெற்றது. காட்டைப் பிளந்தோடும் நெடுஞ்சாலையின்மேல் 2020இல் பாலம் ஒன்று அமைந்தது. அதன்மேல் மண் நிரப்பி மரக்கன்றுகள் நட்டுள்ளனர். ஊர்திகளுக்கு அன்று, குரங்குகள் கடப்பதற்கு. 2023இல் எடுத்த கணக்கு ஏறத்தாழ 4,800.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில், கயிறு அறுந்த குரங்கு ஒன்று வாழைப்பழத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்கியது. இரவோடிரவாகக் குன்றில் கொண்டுபோய் விடலாம் என்று இளைஞர் சிலர் ஆயத்தமாயினர். அவர்களைத் தடுத்து, வனத்துறை அலுவலகத்துக்குத் தெரிவித்தேன். வந்தவர் வயதில் என் பேரனை ஒத்தவர். குரங்கை உடனே பிடிக்கவில்லை. திண்ணையில் அமர்ந்து, குறிப்பேட்டைத் திறந்து, முதலில் கேட்டது இது: "எத்தனை நாளாக இது மனிதர் கையில் இருந்திருக்கும், அம்மா?"